கயிற்றுக்குள் நாற்காலிகள்

கமருஸ்ஸமானின் நாற்காலியில் ஒருமுறையாவது உட்காராதவர் புதுச்சேரியில் இருக்க முடியாது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும், மாதா கோயில் திருவிழாவுக்கும், மீலாது மேடைக்கும், சாவு வீட்டு வாசலுக்கும் அவருடைய நாற்காலிகள்தான் போயின. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு வரும், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற கிழட்டுச் சொல்தாக்களும் அவற்றில்தான் உட்கார்ந்து தேசிய கீதம் கேட்டார்கள். முதுகில் வெள்ளைப் பெயின்டால் 'க' என்று எழுதிய நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். முல்லா வீதியில் கீழே கடையும் மேலே வீடுமாக அவரும் அவர் மனைவி ஜரினாவும் இருந்தார்கள்.

நோய் முன்தடுப்பு இயக்ககம் வந்த பிறகு நாற்காலிகளுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் பூசிய ஒரு பழைய பிரெஞ்சு மாளிகையில் இயக்ககம் இயங்கியது. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பது காட்டுமிராண்டிகளின் பழக்கம் என்பது அதன் கொள்கை. ஆகவே ஊரிலிருந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக அங்கே மாற்றப்பட்டுப் பேச்சாளர்கள் ஆனார்கள். தனியாகக் கிளினிக் வைத்திருந்தவர்களும் போர்டைக் கழற்றிவிட்டுக் கௌரவப் பேச்சாளர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். வைத்தியம் பார்த்தால் வசவு விழ வாய்ப்புண்டு. பேசினால் மாலை நிச்சயம்.

தினமும் எங்காவது ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். நாற்காலிகளை இறக்கிவிட்டு, அவை திரும்பும்வரை கமருஸ்ஸமான் கடைசி வரிசைக்குப் பின்னால் காவல் இருப்பார். அதனால் ஊரிலேயே எல்லா அறிவுரைகளையும் எல்லாத் தடவையும் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். சோப்பை எடுத்தால் விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வரிசை தவறாமல் கழுவுவார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிப்பார். உப்பைக் குறைக்க வேண்டும், கீரையைக் கூட்ட வேண்டும், நடக்க வேண்டும், நேரத்தோடு தூங்க வேண்டும், கவலைப்படக் கூடாது. எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவுரைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

மழை விட்ட ஒரு காலையில் ஜரினா மாடிப்படியின் பாதியில் நின்றுவிட்டாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லங்க. படி கூடிப்போச்சு போல."

படி கூடவில்லை. அடுத்த வாரம் அவள் கால் வீங்கியது. அதற்கடுத்த வாரம் படுத்தால் மூச்சு முட்டியது. கமருஸ்ஸமான் கடையிலிருந்து ஒரு நாற்காலியை மேலே கொண்டுபோய்ப் போட்டார். அதில் சாய்ந்து உட்கார்ந்தால் மட்டும் அவளால் தூங்க முடிந்தது. கை உடைந்து வாடகைக்கு ஆகாமல் ஒதுக்கி வைத்திருந்த நாற்காலி அது.

டாக்டரைப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

இயக்ககத்தின் வாசலில் முதலில் கை கழுவும் தொட்டி இருந்தது. அதைத் தாண்டினால் கூடம். கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பு வெல்வெட்டின்மேல் ஒரு ஸ்டெதஸ்கோப். 'அறியாமைக் காலக் கருவி' என்று கீழே எழுதியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு அம்மாவாசை உட்கார்ந்திருந்தார். முன்பு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். இப்போது முன்தடுப்பு வரவேற்பாளர்.

"இன்னா பாய், நாற்காலி எறக்க வந்தீங்களா?"

"இல்லப்பா. வூட்ல இவளுக்கு மூச்சு வாங்குது. ஒரு டாக்டர பாக்கணும்."

சபையில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல அம்மாவாசை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மொள்ள பேசுங்க பாய். அறிவுரையெல்லாம் பின்பத்துனீங்களா?"

"முடிஞ்ச வரைக்கும்."

"முடிஞ்ச வரைக்கும்னா முழுசா இல்ல. முழுசா பின்பத்தாம டாக்டர கேக்குறது, பரிட்சையே எழுதாம மார்க் கேக்குற மாதிரி. ஒரு மண்டலம் பின்பத்திட்டு வாங்க."

"அதுக்குள்ள இவளுக்கு எதனா ஆயிட்டா?"

"பின்பத்துனா ஆவாது பாய். அதான பாயின்ட்டே."

ஜரினா முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "தம்பி, அந்த பெஞ்சுல செத்த உக்காந்துக்கவா?"

"அது ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு, அக்கா," என்றார் அம்மாவாசை, உண்மையான வருத்தத்தோடு.

ஒரு மண்டலம் பின்பற்றினார்கள். அதைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் தானாகவே ஏற்றுக்கொண்டாள். கணவனை இழந்து, மகனைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு, இயக்ககத்தின் எல்லாக் கூட்டங்களுக்கும் போய்வருகிறவள். விடிந்ததும் மாடிக்குக் குரல் கொடுப்பாள். "ஜரினாக்கா, வாங்க, பீச்சுக்கு. கைய வீசி நடக்கணும். வீசலன்னா கணக்குல வராது."

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைவரை போவதற்குள் ஜரினா நான்கைந்து இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். நிற்கும்போதும் செல்வாம்பாளுக்காகக் கையை வீசினாள். உப்பைக் குறைத்ததில் கால் வீக்கம் லேசாக வடிந்தது. அந்த ஓர் அறிவுரை மட்டும் தனக்காகவே சொன்னது போல இருக்கிறதென்று ஜரினா சிரித்தாள். மற்றபடி மூச்சு முன்னைவிட மோசமாக வாங்கியது.

மண்டலம் முடிந்து மறுபடி போனார்கள்.

"பின்பத்துனீங்களா?"

"ஒண்ணு வுடல."

அம்மாவாசை எழுந்து நின்று கைதட்டினார். கூடத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். "அப்ப இனிமே மூச்சு வாங்காது."

"வாங்குதேப்பா. நிக்க முடியல அவளால. தோ, பாரு."

அம்மாவாசை பார்த்தார். கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜரினா வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரோக்கியம் வந்த புதுசுல பழக்கம் இல்லாம ஒடம்பு அப்டிதான் தடுமாறும் பாய். பின்பத்தாதவங்களுக்கு டாக்டர் கெடையாது, ஏன்னா அவங்க இன்னும் பின்பத்தல. பின்பத்துனவங்களுக்குத் தேவைப்படாது, ஏன்னா பின்பத்திட்டாங்க. நான் வந்ததுலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தர உள்ள அனுப்புனதில்ல. அவ்ளோ சுத்தமான சிஸ்டம்."

அந்த மாதக் கடைசியில், கடற்கரையில் உள்ள காந்தி திடலில் நடந்த கூட்டத்தில்தான் நாற்காலிகள் தடை செய்யப்பட்டன.

இயக்குநர் செந்தமிழ்ச்செல்வி மைக்கைப் பிடித்தார். பட்டுப் புடவை, நெஞ்சில் பச்சைப் பட்டை. எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரே மாதிரிதான் தொடங்குவார்.

"அன்பார்ந்த நோயற்றவர்களே! நோய்க்கு நாம் இத்தனை காலம் எதைப் போட்டு வரவேற்றோம்? நாற்காலியைப் போட்டு வரவேற்றோம்! உட்காருகிறவனுக்கு இடுப்பு பருக்கிறது, இரத்தம் தேங்குகிறது, இதயம் சோம்பேறியாகிறது. உலக ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த உண்மை இது. இந்த நிமிடம் முதல் இந்த மண்ணில் பொதுமக்கள் உட்காரமாட்டார்கள்!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே தட்டினார்கள்.

"மக்களை நிற்க வைத்துவிட்டு அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். நினைக்க வேண்டாம். உங்களுக்கு வரவேண்டிய கேட்டை நாங்கள் எங்கள் உடம்பில் ஏற்றுக்கொள்கிறோம். இதற்குப் பெயர்தான் மக்கள் பணி."

கூட்டம் முடிந்து கமருஸ்ஸமான் நாற்காலிகளை அடுக்க வந்தபோது அவற்றைத் தரமுடியாது என்றார்கள். அவை இனி நிரந்தர எச்சரிக்கைக் கண்காட்சி. கடலைப் பார்த்தபடி வரிசையாகப் போட்டு, சுற்றிக் கயிறு கட்டி, 'அபாயம்' என்று பலகை வைத்தார்கள். கடையில் மிச்சம் இருந்தவற்றையும் வண்டி வைத்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு காவலாளி சுற்றிச் சுற்றி நடந்தார். வார விடுமுறைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். தப்பியது, மாடியில் இருந்த கை உடைந்த ஒன்றுதான்.

அதையும் செல்வாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"பாய், இது உங்களுக்கே நல்லா இருக்கா? ஊருக்கெல்லாம் நாற்காலி குடுத்து கெடுத்தது பத்தாதா? கட்டுனவளையும் கெடுக்கணுமா?"

"அவளால படுக்க முடியல செல்வாம்பா."

"நிக்கச் சொல்லுங்க. குதிர நின்னுனேதான் தூங்குது. எந்தக் குதிரைக்காவது மூச்சு வாங்கிப் பாத்துருக்கீங்களா?"

மாடியிலிருந்து ஜரினாவின் குரல் வந்தது. "எனக்கு மட்டும் நாலு காலு இருந்தா நிக்கமாட்டனா செல்வாம்பா?" சொல்லிச் சிரித்து இருமினாள். அந்தச் சிரிப்பும் இருமலும் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்குக் கமருஸ்ஸமான் ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்தார். ஊரில் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. எல்லாரும் மேடையில் இருக்கிறார்கள். மேடைக்கு ஏறவேண்டும். மேடையேற இரண்டு வழிகள்: பேச வேண்டும், அல்லது பரிசு வாங்க வேண்டும். அந்த ஆண்டின் 'ஆரோக்கியத் திருமதி' பட்டத்துக்குப் பெயர் கேட்டு மூலைக்கு மூலை பேனர் கட்டியிருந்தார்கள். பட்டத்தைக் கொடுக்கப்போவது ஒரு டாக்டர்.

"ஏங்க, சாவப்போறவளுக்கு அழகிப் போட்டியா?" என்றாள் ஜரினா.

"டாக்டரு கை எட்டுற தூரத்துக்குப் போவணும்னா வேற வழி தெரியல."

"தோத்துட்டன்னா?"

"நீ தோக்கமாட்ட," என்றார் கமருஸ்ஸமான். தேர்வு எப்படி நடக்கும் என்பதும் அவர் கேட்ட கூட்டங்களில் ஒன்றில் சொல்லப்பட்டிருந்தது.

அவள் தோற்கவில்லை. வேறு யாரும் அருகில்கூட வரமுடியவில்லை. எந்த டாக்டரிடமும் எந்த வைத்தியமும் பெறாதவராக இருக்க வேண்டும் என்பது முதல் தகுதி. அதற்கு அம்மாவாசையே வந்து சாட்சி சொன்னார். "ரெண்டு தடவ எங்கிட்டயே வந்தாங்க சார். ரெண்டு தடவையும் நோய் இல்லன்னு ருசு ஆயிடுச்சு. இப்டி ஒரு கேஸ நான் பாத்ததில்ல." வீட்டுக்கு வந்த தேர்வுக்குழு அவள் கன்னங்களைப் பார்த்து அசந்து போயிற்று. இரண்டு கன்னத்திலும் பூசினாற்போல ஒரு சிவப்பு. இந்த வயதில் இப்படி ஒரு நிறமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். கீரை என்று இன்னொருவர் பதில் சொன்னார். அவர்கள் போகும்வரை ஜரினா நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியைக் கமருஸ்ஸமான் போர்வை போட்டு மூடி, துணிமூட்டை போல வைத்திருந்தார்.

விழா அதே காந்தி திடலில். கயிற்றுக்குள் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, வெளியே ஜனம் நின்றுகொண்டிருந்தது. பட்டத்தை அணிவிக்க டாக்டர் ஏலேன் வந்திருந்தார். ஒரு காலத்தில் இதய வைத்தியத்துக்குப் பேர்போனவர். இப்போது கை கழுவுதலில் தலைமைப் பேச்சாளர்.

ஜரினா மேடைப் படிகளில் ஏறினாள். ஐந்தாறு படிகள்தான். கமருஸ்ஸமான் கீழே நின்று தானே ஏறுவதுபோல ஒவ்வொன்றுக்கும் மூச்சை இழுத்துவிட்டார்.

ஏலேன் பச்சைப் பட்டையை அவள் தோளில் போட்டார். பிறகு வாழ்த்துவதற்காகக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அவருடைய விரல்கள் தாமாகவே மணிக்கட்டுக்குப் போய் அங்கேயே நின்றன. அவர் ஜரினாவின் கன்னத்தைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார், குனிந்து பாதத்தைப் பார்த்தார்.

"மோன் தியே, கடவுளே," என்றார். மைக் பக்கத்தில் இருந்தது. "எவ்ளோ நாளா மதாம்? படுத்தா மூச்சு முட்டுதா?"

கேள்வி திடல் முழுதும் கேட்டது.

"படுக்கவே முடியல டாக்டர்," என்றாள் ஜரினா. அதுவும் கேட்டது.

இயக்குநர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா! இவரால் படுக்கவே முடியவில்லை! சோம்பலுக்கு இந்த உடம்பில் இடமே இல்லை! முன்தடுப்பு ஒரு பெண்ணை எங்கே கொண்டு நிறுத்துகிறது, பாருங்கள்!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அதற்குள் ஏலேன் தன்னுடைய நாற்காலியை இழுத்து வந்து ஜரினாவுக்குப் பின்னால் போட்டார். "உக்காருங்க மதாம். தூஸ்மான், தூஸ்மான்… மெதுவா."

ஜரினா உட்கார்ந்தாள்.

அந்த மேடையில் பொதுமக்களில் ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். செல்வாம்பாள் "ஐயையோ, அக்கா!" என்று கத்தினாள். அதிகாரிகள் ஏலேனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவர் மேடை ஓரத்துக்கு வந்து கமருஸ்ஸமானிடம் குனிந்தார்.

"ஹார்ட்ல வால்வு சுருங்கிப்போச்சு முசே. அந்தக் கன்னத்து செவப்பு அதுதான். என் ஸ்டெத்த பெட்டில பூட்டி வச்சிருக்காங்க, ஆனா எனக்கு அது தேவையில்ல, நல்லா தெரியுது. ஆபரேஷன் பண்ணா சரியாப்போவும். கேக்குதா? சரியாப்போவும். நாளைக்கே கடலூர் கூட்டிட்டு போங்க. அங்க டாக்டருங்க இன்னும் டாக்டரா இருக்காங்க."

சரியாகப் போகும். அந்தச் சொல்லைக் கமருஸ்ஸமான் வீடுவரை சொல்லிக்கொண்டே போனார். இத்தனை கூட்டங்களில் அவர் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

விடிவதற்குள் ஊர் முழுக்க ஜரினா இருந்தாள். சுவர்களில், பஸ்களின் பின்புறத்தில், மார்க்கெட் வாசலில், சிவந்த கன்னமும் பச்சைப் பட்டையுமாக. கடற்கரையில், நாற்காலிகளுக்கு மேலே, எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்த பாகத்தை வெட்டிவிட்டு, நின்ற படத்தைப் போட்டிருந்தார்கள். 'இவரைப் போல் இருங்கள்.'

கார் வைத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் போனார்கள். எல்லைச் சாவடியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். வழக்கமாக அந்த இடத்தில் மது பாட்டில் கடத்துகிறவர்களைத்தான் பிடிப்பார்கள்.

"டிக்கில இன்னா?"

"ஒண்ணும் இல்ல சார்."

போலீஸ்காரர் ஜன்னலுக்குள் குனிந்தார். முகம் மலர்ந்தது. "அட, ஆரோக்கியத் திருமதி! டேய், எல்லாரும் வாங்கடா!" நான்கு பேர் ஓடி வந்தார்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "எங்க மேடம், கடலூர்ல மீட்டிங்கா?"

"ஆஸ்பத்திரிக்கு சார்," என்றார் கமருஸ்ஸமான்.

"ஆஸ்பத்திரில பேசக் கூப்ட்டாங்களா?"

"இல்ல. வைத்தியம் பாக்க."

சிரிப்பு நின்றது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பாட்டில் இருந்தாக்கூட கண்டுக்காம வுட்ருவேன் பாய். இத எப்டி வுடறது? நாளைக்கு அந்தாண்ட பேப்பர்ல போடுவான், புதுச்சேரியோட ஆரோக்கியம் கடலூர் கட்டில்ல படுத்துனு இருக்குதுன்னு. நாங்க மூஞ்ச எங்க வச்சிக்கிறது?"

"தம்பி," என்றாள் ஜரினா, "என்னால மூச்சு வுட முடியல."

போலீஸ்காரர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "உங்க தன்னடக்கம் மேடம்."

இயக்ககத்துக்குப் போன் போட்டார்கள். மரியாதையோடு திருப்பி அனுப்பும்படி உத்தரவு வந்தது. முன்னால் ஜீப் சைரன் போட்டுக்கொண்டு போக, பின்னால் அவர்கள் கார் முல்லா வீதிக்குத் திரும்பியது. வழியெல்லாம் ஜனங்கள் கையசைத்தார்கள். மற்ற எல்லைகளுக்கும் அன்றே அவள் படம் அனுப்பப்பட்டது. உருவம் தெரிந்தால் வணங்கித் திருப்பவும் என்று கீழே குறிப்பு.

டாக்டர் ஏலேனை வீராம்பட்டினத்துக்கு மாற்றியிருந்தார்கள். கமருஸ்ஸமான் தனியாகத் தேடிப் போனார். கடலோரத்தில், முழங்காலளவு அலையில், ஏலேன் மீனவர்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். விடியலிலிருந்து கடலுக்குள் கைவிட்டு வலை இழுத்தவர்கள் வரிசையில் நின்று மரியாதையாகக் கையை நீட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. மணிக்கட்டு வரும்போது அவர் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்து நாடி பார்ப்பதைக் கமருஸ்ஸமான் கவனித்தார்.

எல்லையில் நடந்ததைக் கேட்டுவிட்டு ஏலேன் ஈரக்கையைத் துடைத்தார். கைப்பையின் அடியிலிருந்து பழைய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பழைய காலத்து மிச்சம். ஒடம்புல தேங்குற தண்ணிய வடிக்கும். வால்வ தெறக்காது முசே. அத தெறக்க ஆளு வேணும்."

"இது தீந்துட்டா?"

அவர் அடுத்த மீனவரின் கையைப் பிடித்தார். "உப்ப இன்னும் கொறைங்க," என்றார் மெதுவாக. "அது மட்டும் நெஜம்."

மாத்திரை இருந்தவரை ஜரினா நன்றாக இருந்தாள். ஒருநாள் மீன் குழம்பு வைத்தாள், உப்பே இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்து, "அவளுக்கு இன்னா, நல்லா இருக்கா," என்றாள்.

மாத்திரை தீர்ந்து சில நாளில், ஒரு பகலில், சாப்பாட்டுக்குப் பின் அவள் உதடு நீலமாயிற்று. கமருஸ்ஸமான் ஓடினார். புதுச்சேரியில் அது கடைகள் எல்லாம் கதவு சாத்தும் நேரம். மதியம் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். வீதிகள் வெயிலில் வெறிச்சென்று கிடந்தன. இயக்ககத்தின் பெரிய கதவும் சாத்தியிருந்தது. 'நண்பகல் உறக்கம் இதயத்துக்கு நல்லது' என்று பலகை தொங்கியது. அவர் கதவை இடித்தார். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து அம்மாவாசையின் தூக்கக் குரல் வந்தது.

"யாரு?"

"நான்தாம்பா, நாற்காலிக்கார பாய். ஜரினாக்கு ரொம்ப முடியல. யாராவது ஒரு டாக்டர எழுப்பு. ஒரே ஒரு ஆளு. உங்கால்ல வுழறேன்."

"தூங்கறவங்கள எழுப்புனா அவங்க ஹார்ட்டுக்கு ஆவாது பாய். நாலு மணிக்கு வாங்க. தண்ணி குடிச்சிட்டு நெழல்ல நில்லுங்க, வெயிலு ஒத்துக்காது."

அவர் திரும்பி வந்தபோது ஜரினா நாற்காலியில்தான் இருந்தாள். நெடுநாளுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

அன்று மாலையே அடக்கம் என்று முடிவானது. வீதி நிறைய ஜனம் வந்தது. பள்ளிவாசல் ஆட்கள், மாதா கோயில் ஆட்கள், முதிய சொல்தாக்கள், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். எல்லாரும் நின்றார்கள். இந்த ஊரில் சாவு வீட்டு வாசலில் நீல நாற்காலி இல்லாமல் இவ்வளவு ஜனம் நின்றது அதுவே முதல்முறை.

ஜரினாவின் மய்யித்தை எடுக்கும் முன் இயக்குநர் செந்தமிழ்ச்செல்வி வந்து சேர்ந்தார். மைக் கொண்டு வந்திருந்தார்கள்.

"அன்பார்ந்த நோயற்றவர்களே! இது அழுகிற நேரம் அல்ல. இந்தத் தாய் எந்த டாக்டரையும் நாடவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கவில்லை. எந்த நோயும் இவர் பெயரில் பதிவாகவில்லை. முழு ஆரோக்கியத்துடன் காலமான முதல் மனிதர் என்ற பெருமையை இவர் நமக்குத் தந்திருக்கிறார்! இதுவரை நாம் நோய் வராமல் வாழ்வது எப்படி என்றுதான் சொல்லிவந்தோம். நோயில்லாமல் சாகவும் முடியும் என்று இவர் காட்டிவிட்டார். விரைவில் நாம் அனைவரும் இந்த நிலையை அடைவோம் என்று உறுதி கூறுகிறேன்!"

பழக்கத்தில் சிலர் கைதட்டிவிட்டார்கள்.

கமருஸ்ஸமான் முன்னால் வந்தார்.

"மேடம், வயசானவங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க. நாற்காலி கொஞ்சம் குடுத்து வுடுங்க. ராத்திரியே திருப்பிக் கொண்டாந்து போட்டுடறேன்."

இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "இவ்வளவு துக்கத்திலும் நம்முடைய உறுதியைச் சோதிக்கிறார், பாருங்கள். இவரல்லவா கணவர்!"

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம், தினமும் போல வண்டிகள் போகாதபடி கடற்கரைச் சாலையை மறித்த பிறகு, கமருஸ்ஸமான் அங்கே வந்தார். கயிற்றை ஒரு கையால் தாழ்த்தி, உள்ளே காலை வைத்தார். வரிசை கலைந்திருந்த ஒன்றிரண்டைத் தொழில் பழக்கத்தில் நேராக்கினார். ஜரினாவின் படத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்து, அதில் உட்கார்ந்தார்.

கையை வீசி நடந்து வந்த ஜனம் தயங்கியது. செல்வாம்பாள் கயிற்றின் ஓரத்தில் நின்றாள். அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன. கை மட்டும் வீசிக்கொண்டே இருந்தது.

"உக்காராதீங்க பாய். எழுந்துருங்க. ஒடம்புக்கு ஆவாது."

"தெரியும்," என்றார் கமருஸ்ஸமான்.

காவலாளி வந்தார். அவரை எழுப்புவதா என்று சற்று நேரம் யோசித்தார். பிறகு பலகையைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். கண்காட்சியில் இதுவரை இல்லாமல் இருந்த ஒன்று இப்போது வந்துவிட்டதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தளர்ந்திருந்த கயிற்றை இழுத்து, முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு, தன் நடையைத் தொடர்ந்தார்.